லைசோசோம் வேண்டாம் என்று டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியவர்

லார்ஹூக் குக்கிராமம், பிராபாந்து மாகாணம்.
பூத்தேர் ஊர்வல வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பும் படிப்பும் ஒருசேர வாய்த்த மருமகள் டாக்டர் மார்லூஸுக்கு, உன் ரீட் அத்தையின் வீட்டுக்காரனாகிய லாம்பேர்ட் மாமா ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் கோழிகளும் சௌக்கியம். வானம் மட்டும் சௌக்கியமாக இல்லை. காலையிலிருந்து மூன்று தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மேற்கே கறுத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே க்ரோனிங்கனில் உன் உடம்பும் ஆராய்ச்சியும் புதுச் சைக்கிளும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டுகிறேன். குறிப்பாகச் சைக்கிள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு வந்தது அத்தைக்குத் தெரிய வேண்டாம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது கூடத்தில், அத்தையின் தையல் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். "அப்பனும் பொண்ணும் பேசிக்க வேண்டிய விஷயம் இது. நடுவுல நீங்க மூக்கை நுழைக்காதீங்க, சொல்லிட்டேன்" என்று நேற்றே கண்டித்துவிட்டாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கோழிக்குத் தீவனம் வைக்கிற சாக்கில் கொட்டகைக்கு வந்து, தீவன மூட்டையின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால் அது மூட்டையின் குற்றம், என் கையின் குற்றம் இல்லை.

விஷயம் இதுதான். உன் அப்பா டோன் கோபித்துக்கொண்டு, தன் டாலியாத் தோட்டத்து வாசலில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை பூப் பறிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். நம் குக்கிராமத்தில் கருஞ்சிவப்பு டாலியா அவர் தோட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கருஞ்சிவப்பு இல்லாமல் இந்த வருஷத் தேர் ஓடாது. போட்டிக்குத் தேர் விடுகிற மற்றக் குக்கிராமங்களிடம் கடன் கேட்கலாமே என்பாய். கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்துவிட்டு அதை இருபது வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே உன் அப்பாவைச் சமாதானப்படுத்த உன்னால் மட்டும்தான் முடியும், அதற்கு நீ ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டும். அது என்ன பொய் என்று கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

போன வருஷம் நாம் திமிங்கில வடிவத்தில் தேர் செய்தோம் இல்லையா. நடுவர் மேடைக்கு நேரே வந்ததும் அதன் கீழ்த்தாடை கழன்று, முன்னால் போன வாத்தியக் குழுவின் பெரிய முரசுமேல் விழுந்தது. நாம் கடைசி. இன்றைக்கும் ரொட்டிக்கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே தாடையைத் தடவிக்கொள்கிறார்கள். அந்த அவமானத்தோடு குளிர்காலத்தில் கூட்டம் போட்டோம். ஒருவர் டிராகன் என்றார், ஒருவர் கப்பல் என்றார், வெல்டர் ஹாரி வழக்கம்போலக் குதிரை என்றான். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா பியர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எம் பொண்ணு செல்லுக்கே டாக்டர். உலகத்துல உள்ள அத்தனை உசுரும் செல்லாலதான் ஆயிருக்கு, ஹாரியோட குதிரையும் அதுல அடக்கம். செல்லையே பண்ணிடலாமே" என்றார். உன் அம்மா கோரி காலமான பிறகு அந்த மனிதர் ஒரு கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் எழுந்து கை தட்டினோம். செல் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது என்பது கை தட்டி முடித்த பிறகுதான் புரிந்தது.

உன்னைக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். உன் அப்பாதான் தடுத்தார். "அவளை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க அத்தான். அவ செல்லோட நட்ட நடுவுல, அந்த உட்கருவுல வேலை பாக்கறா. மூச்சு விடக்கூட நேரமில்ல அவளுக்கு" என்றார். பெற்றவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். ஆகவே பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் உயிரியல் புத்தகத்தை இரவல் வாங்கினேன். நான் காலமெல்லாம் பால் லாரி ஓட்டியவன், எது எந்தக் குழாய் வழியாக எங்கே போகும் என்பது எனக்குத்தான் விளங்கும் என்று சொல்லி என்னையே வடிவமைப்பாளராகவும் ஆக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன் என்பதும் உண்மை.

புத்தகத்தில் இரண்டு செல் இருந்தது. ஒன்று செடியினுடையது, மற்றது விலங்கினுடையது. செடியின் செல்லுக்குள் பசுங்கணிகம் என்று ஒன்று பச்சைப் பசேலென்று இருக்கிறது, வெயிலைப் பிடித்துச் சமையல் செய்வது அதன் வேலையாம். பார்க்க அழகுதான், ஆனால் பச்சை டாலியாவை ஆண்டவன் படைக்கவில்லையே. தேரில் கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் டாலியாவாக இருக்க வேண்டும் என்பது விதி. "அப்போ நாம விலங்கு" என்றாள் பாடகர் குழு வில்லெமீன். கை தூக்கச் சொன்னோம், எல்லோரும் விலங்கு என்றே தூக்கினார்கள். அது குதிரையின் செல்லாக இருந்தால் தனக்கும் சம்மதம் என்றான் ஹாரி. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், எந்த நடுவர் வந்து சோதிக்கப் போகிறார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் கோழிக் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. செல்லைக் கட்டுகிறவர்கள் செல்லைப் போலவே வேலையைப் பிரித்துக்கொண்டால் என்ன என்று தோன்றிற்று. எவர் எந்த உறுப்பைக் கட்டுகிறாரோ அவர் தேர் கட்டுகிற கூடாரத்திலும் அந்த உறுப்பின் வேலையைச் செய்ய வேண்டும். ஊர்வலத்தன்று அதன் அடியிலேயே நின்று தேரைத் தள்ள வேண்டும். நம் தேரை எந்த எந்திரமும் இழுப்பதில்லை, உள்ளே இருட்டில் நின்று ஆட்கள்தான் தள்ளுகிறார்கள். தள்ளுகிறவனின் பூட்ஸ்கூட வெளியே தெரியாது. ஆனாலும் எந்த இடத்தில் நின்று தள்ளினான் என்பதை நம் ஆட்கள் கல்யாணத்திலும் சாவிலும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய் நான் உறுப்புகளைப் பங்கு போட்டேன்.

செல் சவ்வை வில்லெமீனுக்குக் கொடுத்தேன். செல்லைச் சுற்றியிருக்கும் தோல் அது. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததை வாசலிலேயே நிறுத்தும். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். முதல் நாளே அவள் கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பசை கொண்டுவந்தவனின் காலணியில் சேறு இருந்தது என்று திருப்பி அனுப்பினாள். எதிர்க் குக்கிராமத்து ஆட்கள் இரண்டு பேர் ஆப்பிள் பணியாரத்தோடு வந்து பணிவாக வணக்கம் சொன்னார்கள் என்று உள்ளே விட்டாள். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தேரைச் சுற்றி வந்து, எல்லாவற்றையும் கண்ணால் அளந்து, போகும்போது என்னைப் பார்த்துத் தாடையைத் தடவினார்கள். கொஞ்சம் யோசித்து உள்ளே விடக்கூடாதா என்று கேட்டேன். "யோசிக்கறது உட்கருவோட வேலை. நான் சவ்வு" என்றாள்.

உட்கரு என்றால் நானும், மூலப்படமும், ஒரு மேசையும். செல்லில் எது எப்படி நடக்க வேண்டும் என்ற குறிப்பெல்லாம் உட்கருவுக்குள் இருக்கிறது, மூலம் அதைவிட்டு வெளியே வராது, நகல்தான் வெளியே போகும் என்று புத்தகம் சொல்கிறது. ஆகவே நானும் மூலப்படத்தை மேசையில் ஆணி அடித்து வைத்துவிட்டு நகல் வரைந்து வரைந்து அனுப்பினேன். நகல் ரைபோசோமுக்குப் போகும். ரைபோசோம் என்பது குறிப்பைப் பார்த்துப் புரதம் செய்து தள்ளுகிற குட்டிப் பட்டறை. நம் கூடாரத்தில் அட்டை வெட்டுகிற பெண்கள். அவர்கள் எதிர்க் கேள்வி கேட்பதே இல்லை. ஒரு நகலின்மேல் நான் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டேன் போலிருக்கிறது, கோப்பையின் அடி வட்டமாகப் பதிந்துவிட்டது. நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், கம்பி வளைத்து, அட்டை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு வளையம் நிற்கிறது. இது என்ன என்றேன். "நகல்ல இருந்துச்சே" என்றார்கள். பிரித்தால் பக்கத்துச் சுவரும் சேர்ந்து வரும் என்றான் ஹாரி. அதற்கு மஞ்சள் டாலியா ஒதுக்கியிருக்கிறோம். நகல் எடுக்கும்போது நேர்கிற பிழை உயிரோடு சேர்ந்தே வளரும் என்று புத்தகத்திலும் இருக்கிறது, அதனால் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ரைபோசோம் செய்து கொடுப்பது எண்டோபிளாச வலைக்குள் போகும். அது மடிப்பு மடிப்பாக, வளைந்து வளைந்து போகிற சந்து. படத்தில் எத்தனை மடிப்போ அத்தனையும் நான் வைத்துவிட்டேன். உன் அத்தை காப்பித் தட்டோடு நுழைந்து மூன்றாவது மடிப்பில் மாட்டிக்கொண்டாள். பின்னால் வரவும் முடியவில்லை, தட்டைக் கீழே வைக்கவும் இடமில்லை. உள்ளிருந்து, "இதைக் கட்டினவர் யாரோ அவரு வந்து என்னை எடுக்கட்டும்" என்று குரல் வந்தது. என்னை அவள் 'அவரு' என்று மூன்றாம் மனிதனைப் போலச் சொன்னால் நிலைமை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஒரு மடிப்பை அறுத்துத்தான் அவளை வெளியே எடுத்தோம். காப்பி ஆறிவிட்டது.

அந்த வலையிலிருந்து வருவதை வாங்கிச் சரிபார்த்து, பொட்டலம் கட்டி, இன்ன இடத்துக்கு என்று அடையாளம் போட்டு அனுப்புவது கோல்கை உறுப்பு. இதை நான் வாசித்ததும் ஓய்வு பெற்ற தபால்காரர் எழுந்து நின்றே கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு சுத்தியல் கேட்டால்கூடக் கையில் தருவதில்லை. காகிதத்தில் சுற்றி, கயிறு கட்டி, பெயர் எழுதித்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவதில்லை.

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி என்ன சொல்ல. உணவை எரித்துச் செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தருகிற உறுப்பு அது. இதில் முதல் பாதியை மட்டும் ஹாரி பிடித்துக்கொண்டான். தேரில் ஒரு கம்பியைத் தூக்கச் சொன்னால், "முதல்ல எரிக்கறதுக்கு ஏதாவது போடுங்க லாம்பேர்ட் அண்ணே" என்கிறான். உன் அத்தை சுட்டுக் கொடுத்த தொத்திறைச்சி ரொட்டி அவ்வளவும் அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் போயிற்று. அவனைப் பார்த்துவிட்டு ஊரிலிருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் தாங்களும் மைட்டோகாண்ட்ரியா என்று வந்து நிற்கிறார்கள். தசைச் செல்லில் அது நிறைய இருக்கும் என்று யாரோ வேறு சொல்லிவிட்டார்கள். நம் செல் முழுத் தொடையாகிவிட்டது.

எல்லாம் போக ஓர் உறுப்பு மிஞ்சிற்று. லைசோசோம். தேரின் பின்பக்கத்தில், கீழே, இடது சக்கரத்தை ஒட்டினாற்போல ஒரு பை. அந்த மூலை லேசானது இல்லை மார்லூஸ். திருப்பத்தில் தேரின் பாரமெல்லாம் அந்தச் சக்கரத்தில்தான் இறங்கும். அங்கே நிற்கிறவன் கத்தாமல், பதறாமல், சரியான நேரத்தில் தோள் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார் என்று நினைத்துத்தான் உன் அப்பாவின் பெயரை அங்கே எழுதினேன். இதைச் சொல்லிவிட்டு உறுப்பின் பெயரைச் சொல்லியிருக்கலாம். என் கெட்ட நேரம், புத்தகத்தில் இருந்ததை முதலில் வாசித்தேன். "லைசோசோம், செல்லின் குப்பைத் தொட்டி."

ஹாரி உடனே, வாயில் ரொட்டியோடு, "டோன் அண்ணே, தெருவுக்குள்ள வரும்போது மணி அடிங்க, நாங்க வாளியை எடுத்து வெளிய வெச்சிடறோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று உன் அத்தை சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. உன் அப்பா சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "யோசனை என்னுது. பூ என்னுது. உட்கருவுல டாக்டரா இருக்கறது எம் பொண்ணு. எனக்குக் குப்பைத் தொட்டி. நல்லா இருக்கு அத்தான், ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வில்லெமீன் வாசலில் மறித்துப் பார்த்தாள். வெளியே போகிறவர்களை நிறுத்துவதும் சவ்வின் வேலையா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்து விட்டுவிட்டாள். அரை மணிக்குள் டிராக்டர் சத்தம் கேட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. நேற்றுக் காலை தொத்திறைச்சி ரொட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறக்கவில்லை, ஜன்னலைத்தான் திறந்தார். "ரொட்டியை இங்க வெச்சுட்டுப் போங்க அத்தான். சண்டை உங்களோடதான், ரொட்டியோட இல்ல" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே உட்கருவைத் தருகிறேன், என் மேசையையும் சேர்த்து எடுத்துக்கொள் என்றேன். "இப்பக் கொடுத்தா அது பிச்சை" என்றார். அப்படியானால் மைட்டோகாண்ட்ரியா என்றேன். "ஹாரியோட பக்கத்துலயா" என்று கேட்டார், எனக்கும் அது சரியாகப் படவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வருஷம் அந்தக் கருஞ்சிவப்பு எப்படிப் பூத்திருக்கிறது தெரியுமா, பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. "கோரி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு மனது கேட்கவில்லை. உன் அம்மா இருந்தவரை உன்னோடு தொலைபேசியில் பேசுவது அவள் பாடு, இவர் பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். இப்போது நீ பேசினால் அங்கே மழையா, இங்கேயும் மழைதான், சைக்கிள் இருக்கிறதா, சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான் அவருக்கு வருகிறது. ஆனால் வெளியே வந்தால் ரொட்டிக்கடையில், சலூனில், கால்நடை மருத்துவரிடம், எல்லோரிடமும் எம் பொண்ணு, எம் பொண்ணு, உட்கரு, உட்கரு. அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டுதான் மனிதர் காலையில் எழுந்திருக்கிறார். அதன்மேல் போய்க் குப்பையைக் கொட்டிவிட்டோம். கோபம் டாலியாவைப் பற்றியது இல்லை, எனக்குத் தெரியும்.

ஆகவே பொய்யைப் பற்றிச் சொல்கிறேன். நீ உன் அப்பாவுக்கு இரண்டு வரி எழுத வேண்டும். செல்லிலேயே முக்கியமான உறுப்பு லைசோசோம்தான், விஞ்ஞானிகள் எல்லோரும் அதைப் பெரிதாக மதிக்கிறார்கள், பாவம் வெளியே தெரிவதில்லை, இந்த மாதிரி. இது உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உட்கருவில் உட்கார்ந்திருப்பவளைப் போய் இதை எழுதச் சொல்வது, மேயரைக் கூப்பிட்டுச் சாக்கடையைப் பாராட்டிப் பேசச் சொல்வது மாதிரிதான். ஆனால் ஒரு குக்கிராமத்தின் மானம் இதில் இருக்கிறது. லைசோசோமைப் பற்றி உனக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், புத்தகத்தில் உள்ளதை இங்கே தருகிறேன், பார்த்து எழுதிக்கொள்.

அது ஒரு சின்னப் பை. உள்ளே புளித்த நீரும், வெட்டிக் கரைக்கிற நொதிகளும் இருக்கின்றன. தேய்ந்துபோன உறுப்பு, வெளியிலிருந்து வந்த கிருமி, எது கிடைத்தாலும் விழுங்கிக் கரைத்துவிடும். கரைத்ததில் உபயோகமானதைச் செல்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடுமாம். இந்தக் கடைசி விஷயம் உனக்கு உதவும், அழுத்தி எழுது. எனக்கென்னவோ இதைப் படித்தபோது உன் அத்தை பழைய ரொட்டியை முட்டையில் தோய்த்துப் பொரித்துத் தருவதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் புத்தகத்தில் இல்லை, மூன்று வரிதான் கொடுத்திருக்கிறார்கள். பெரிய விஷயமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எழுதியிருப்பார்கள் இல்லையா. அதனால்தான் பொய் என்கிறேன். உன் படிப்பில் இதையெல்லாம் தொட வேண்டி வந்திருக்காது, வார்த்தை வராவிட்டால் என் வார்த்தையையே போட்டுக்கொள்.

நாளைக் காலை முதல் தபாலில் போட்டால் வியாழன் காலையில் உனக்குக் கிடைத்துவிடும். கிடைத்த உடனே எழுத நேரமில்லை, தொலைபேசியிலேயே சொல்லிவிடு. மழையைப் பற்றிப் பேசி முடித்ததும், வைக்கட்டுமா என்று அவர் கேட்பதற்குள், நடுவில் சொருகிவிட வேண்டும். நான் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. தற்செயலாக லைசோசோம் நினைவுக்கு வந்த மாதிரி பேசு.

வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது, கோழிகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கின்றன, வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஆகவே முடிக்கிறேன். உனக்கு நீண்ட ஆயுளும், தெளிந்த கண்ணாடிக் குடுவைகளும், எந்நாளும் காற்றிறங்காத சைக்கிள் சக்கரங்களும் அமைய ஆண்டவன் அருள் புரியட்டும். உன் ஆய்வகத்துப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். உட்கருவுக்கும் சொல்.

என்றும் உன் நலம் நாடும்
மாமா லாம்பேர்ட்

பின்குறிப்பு, புதன் காலை: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. தபால் பெட்டிக்குப் போகிற வழியில் உன் அப்பாவின் தோட்டத்தைக் கடக்க வேண்டும். டிராக்டர் வாசலில் இல்லை. மனிதர் மழையில், முழங்கால் அளவு டாலியாவுக்குள் நின்று வெட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் கூடைகள். பறிப்பு நாளைக்குத்தானே என்றேன். "நல்லதா ஒரு நாள் முன்னாடியே எடுத்துக்கறேன், வேற எவனும் எடுக்கறதுக்குள்ள" என்றார். நேற்று மாலை உன்னைக் கூப்பிட்டாராமே. என்னைப் பற்றிப் புகார் சொல்லக் கூப்பிட்டது, அடுப்பில் வைத்த காப்பி வற்றிப் பாத்திரம் கருகுகிற வரைக்கும் பேசினீர்களாமே. மழையில் நின்றபடியே எனக்குச் சொன்னார். "உட்கருன்னு நானாத்தான் நினைச்சுக்கிட்டேன் அத்தான். நடுவுல இருக்கறதுதானே பெருசுன்னு. எம் பொண்ணு படிச்சது, பட்டம் வாங்குனது, ராப்பகலா பாக்கறது எல்லாம் இந்த லைசோசோமைத்தான். அதுல ஒரே ஒரு நொதி இல்லாம சில பிள்ளைங்க பொறக்குதுங்களாம். கரையாதது எல்லாம் உள்ளயே சேர்ந்து சேர்ந்து, நடக்கற பிள்ளை நடக்காம போயிடுமாம். அந்த ஒண்ணை வெளியில இருந்து எப்படிக் கொடுக்கலாம்னு தேடறா அவ. இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே. கேக்கவே இல்லையே நான்." முகமெல்லாம் மழை. மழை மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை.

ஆகவே மேலே நான் எழுதிய அத்தனையையும் எழுதாததாக வைத்துக்கொள். குறிப்பாக, லைசோசோமைப் பற்றி நான் உனக்குப் பாடம் நடத்திய இடத்தை. அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்றுதான் உறையைத் திரும்பப் பிரித்தேன், ஆனால் அதன் பின்பக்கத்தில்தான் ஆசீர்வாதம் இருக்கிறது. பொய்யும் வேண்டாம், அது பொய்யில்லை என்று ஆகிவிட்டதே. இப்போது தலைவலி வேறு. உன் அப்பா கருஞ்சிவப்பு முழுவதையும் லைசோசோமுக்கே வேண்டும் என்கிறார். பையை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டுமாம், ஹாரியை இழுத்துப்போய்க் கம்பி வளைக்க வைத்துவிட்டார், ஹாரியும் ரொட்டி கேட்காமல் வளைக்கிறான். உட்கரு மொட்டையாக நிற்கிறது. எனவே நீ இந்தக் கடிதம் கிடைத்ததும் உன் அப்பாவைக் கூப்பிட்டு, உட்கருவும் கொஞ்சம் முக்கியம்தான், அதற்கும் ஐந்தாறு கூடை விட்டுக்கொடுங்கள் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாயாமே, அத்தை ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டாள்; எனக்கு முன்னாலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இன்னொன்று. மகள் பார்க்க வருகிறாளே என்று, தேருக்கு முன்னால் கொடி பிடித்து நடக்கிற இடத்தை உன் அப்பாவுக்குத் தருவதாகச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார், பின்னால், கீழே, அந்த இடது சக்கரத்தடியில்தான் நிற்பாராம். அங்கே இருட்டில் நின்றால் உன்னை யாருக்கய்யா தெரியும் என்று கேட்டேன். கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நான் எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியும்ல, போதும்" என்றார்.